மழை நாளில் வந்தவர்

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. நாங்கள் வரிசை வீடான லயத்தில் அவரவர் காம்பராவில் சும்மா இருப்போம் என்று தெரிந்துதான் அவர் மழை நாளாகப் பார்த்து வந்தார். தெஹியோவிட்டவில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தே ஏறியிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பொலித்தீன் பைக்குள் இருந்த படிவங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்கள் தொழிற்கல்லூரிக்கு இப்போதுதான் கவலை வந்து, கணக்கெடுக்க அவரை அனுப்பியிருக்கிறதாம்.

"என்னா படிச்சீங்க?"

"ஃபிட்டர் கோர்ஸ். இப்ப பால் வெட்டுறேன்."

"வெட்டுக்கத்திய யாரு தீட்டுறது?"

"நான்தாங்க."

"அப்ப படிச்ச தொழில்தான்" என்று பென்சிலால் எழுதிக்கொண்டார். எதையும் பென்சிலால்தான் எழுதினார். மேற்படிப்புக்குப் போனேனா என்று கேட்டார். ஒருமுறை விண்ணப்பம் வாங்கினேன் என்றேன். 'தொடர்கிறார்' என்று அதையும் குறித்தார். ஐந்தே நிமிடத்தில் நான் முன்னேறிவிட்டேன். என் மனைவிதான் நம்பவில்லை.

டீயைக் கொடுத்துவிட்டு, அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன்.

"அதே காலேஜுதாங்க. நாலு வருசம் சும்மா இருந்து, இப்பத்தான் இந்த வேலை கெடச்சிச்சு. லிஸ்ட்டுல உள்ள ஆளுங்க முடியிற வரைக்கும்."

"இன்னும் எத்தன பேரு?"

"இந்த லயத்துல ஒருத்தரு. அவரோட லிஸ்ட்டே முடிஞ்சிரும்."

"அடுத்த காம்பராதாங்க. உள்ளதான் இருக்கான், கூப்பிடவா?"

அவர் வெளியே பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. படிவங்களைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.

"வேணாங்க. மழை விடுற மாதிரி இருக்கு. அவர அடுத்த மழைக்குப் பாத்துக்கிறேன்."