பச்சையம்மா கூப்பிட்ட ஒரு குரல்

பச்சையம்மா பிறந்தது கல்குவாரிக் குடிசையில். பல்லாவரத்து மலைக்குப் பின்னால், விமானம் தலையை உரசுகிற மாதிரி இறங்குமே, அந்தப் பக்கம். அப்பா பாறையில் வெடிக்குக் குழி போடுகிறவர். அம்மா ஜல்லி உடைக்கிறவள்.

அங்கே நடக்க ஆரம்பித்த பிள்ளையைக் கட்டிப்போட முடியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் பாறை, பாறை முடிந்தால் பள்ளம். அதனால் அந்தக் குவாரிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அமாவாசைக்கு வேலை கிடையாது. அன்றைக்கு வெயில் ஏறுமுன் குடும்பத்தோடு கிளம்பி, மேற்கே யாரும் உடைக்காமல் விட்டிருந்த மொட்டைப் பாறைக்குப் போவார்கள். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு இடுப்பில் சாக்கை மடித்துச் சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, ஏறக் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டு கை, இரண்டு கால், நாலில் மூன்று ஒட்டியிருக்க வேண்டும், ஒன்றுதான் நகரலாம். வயிற்றைப் பாறையில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் காலடி தெரியாது. பிடிக்குமுன் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். அப்பன் பக்கத்திலேயே ஏறுவான். மேலே உட்கார்ந்து கயிறு பிடிப்பது தாய்மாமன்.

பெரியவர்கள் வேலைக்கு இறங்கும்போதும் மச்சான்தான் கயிறு பிடிப்பான். கூடப் பிறந்தவளின் தாலிக்கு அவனைவிடப் பயப்படுகிறவன் வேறு யார்? அதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. கயிறு பிடித்திருப்பவனை யாரும் கூப்பிடக் கூடாது. குடிசை எரிந்தாலும் கூப்பிடக் கூடாது.

பச்சையம்மாவும் அப்படித்தான் ஏறக் கற்றாள். வளர்ந்து, அதே குவாரியில் குழி போடும் சுப்பராயலுவைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குக் கயிறு பிடித்தது அவளுடைய அண்ணன் ஏகநாதன்.

எண்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி. இளையவன் லோகு வயிற்றில் ஏழு மாதம். மூத்தவள் தாயாருவுக்கு இரண்டு வயது. மத்தியானம் கூழ்ப் பானையோடு பச்சையம்மா மேலே போனாள். ஏகநாதன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே தொங்கிக்கொண்டிருந்த சுப்பராயலு இடம் மாறுவதற்காகக் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பக்கத்தில் ஒரு நாய் சுற்றிக்கொண்டிருந்தது. பானையை எங்கே வைப்பது என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணா!"

அவன் திரும்பினான்.

அவ்வளவுதான். கயிறு அவன் இரண்டு உள்ளங்கைத் தோலையும் உரித்துக்கொண்டு ஓடியது.

லாரிச் சத்தத்தில் அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. கேட்டவன் அவன் ஒருத்தன். எல்லோரும் ஓடிவந்து கேட்டபோது, "கை வழுக்கிடுச்சி" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுப்பராயலுவின் அக்கா கங்கையம்மாள் மண்ணை வாரி அவன்மேல் இறைத்து, "தங்கச்சி தாலிய அறுத்த கை, வெளங்குமாடா அது?" என்று கத்தினாள். பச்சையம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளும் சொல்லவில்லை.

முதலில் பயம். வயிற்றுப் பிள்ளையோடு அவள் ஒண்டியிருந்தது கங்கையம்மாளின் குடிசையில். நாத்தனார் வெளியே போ என்றால் எங்கே போவது? பிள்ளை பிறக்கட்டும், சொல்லலாம் என்று இருந்தாள். பிறந்தது. பால் மறக்கட்டும் என்று இருந்தாள். இப்படியே வருஷங்கள் போயின. ஏகநாதன் கையில் மேஸ்திரி அதன்பிறகு கயிறு கொடுக்கவில்லை. பொம்பளைகளோடு உட்கார்ந்து ஜல்லி உடைத்தான். கீழ்க்கட்டளையில் பேசி வைத்திருந்த பெண்ணை, அந்த வீட்டார் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. தங்கச்சி பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒருநாள் பொறை ரொட்டி வாங்கி வருவான், வாசலோடு கொடுத்துவிட்டுப் போவான்.

பச்சையம்மா தன் பிள்ளைகளைப் பாறைப் பக்கமே விடவில்லை. தாயாருவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். லோகுவைத் தன் கண் எதிரிலேயே வைத்திருந்தாள். வைத்திருந்து என்ன? அவனுக்கு ஐந்து முடிந்த தை மாதத்தில், அறுந்த காற்றாடியைத் துரத்திக்கொண்டு குவாரி விளிம்புக்குக் கீழே இறங்கி, ஏறவும் தெரியாமல் இறங்கவும் தெரியாமல் ஒட்டிக்கொண்டு நின்றான். தாயாரு ஓடிவந்து சொன்னாள். பச்சையம்மா புடவையைக் கால் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கிவந்தாள். அன்றைக்குத் தெரிந்துவிட்டது, இவனைத் தடுக்க முடியாது, கற்றுத்தான் கொடுக்க வேண்டும்.

மறுநாள் ஜல்லிக் குவியலுக்குப் போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, வர்ற அமாவாசைக்கு லோகுவுக்குக் கவுறு கட்டணும். நீதான் புடிக்கணும்."

சுத்தியல் நிற்கவில்லை. "இன்னாத்துக்கு? நாலு பேரு சிரிக்கவா? வேற ஆளப் பாரு."

"அவனுக்கு வேற எந்த மாமன் கீறான்?"

"என் கைய நம்பாத பச்ச. நானே நம்பறதில்ல."

தன்னைக் காப்பாற்றத்தான் அண்ணன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான், உள்ளுக்குள் அவனுக்கு நிஜம் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் தேற்றிக்கொண்டிருந்தாள். இவனோ ஊர் சொன்னதையே நம்பிவிட்டான். தன் கையை வெறுத்துப்போன மனிதனாக உட்கார்ந்திருக்கிறான்.

"நீ வர்ற. வரலேன்னா புள்ளய நானே கவுறில்லாம ஏத்துவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தாள். சொன்னால் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும்.

அமாவாசை காலை வந்தான். நாலைந்து குடும்பங்கள் பாறையடியில் இருந்தன. கங்கையம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்திருந்தாள். ஏகநாதன் கையில் கயிற்றைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னாடி இது? யாரு கையில புள்ளயக் குடுக்கற? அப்பன முழுங்கினது பத்தலியா?"

ஏகநாதன் கயிற்றைக் கீழே வைத்தான். பச்சையம்மா அதை எடுத்து மறுபடி அவன் கையில் திணித்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி, அன்னிக்கி நான்தான் கூப்ட்டேன்."

"இன்னா சொன்ன?"

"கூழ எங்க வெக்கிறதுன்னு கேக்க, அண்ணான்னு கூப்ட்டேன். அது திரும்பிடுச்சி. கை வழுக்கல. உன் தம்பி போனது என் வாயால."

மீனம்பாக்கத்துக்கு ஒரு விமானம் தலைக்குமேல் இறங்கிப் போனது.

"அஞ்சி வருசம்," என்றாள் கங்கையம்மாள். "அஞ்சி வருசமா என் பக்கத்துல பட்த்துகினு இருந்தியேடி."

"வாய மூடு பச்ச," என்றான் ஏகநாதன். அவனுக்குக் கோபம். "இத்தினி நாள் கழிச்சி இன்னாத்துக்கு இப்போ? நீ கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சி. திரும்பினது நான்தானே?"

"கூப்ட்டா திரும்பாத மனுசன் யாரு? அதுக்குத்தானே கூப்டக் கூடாதுன்னு வச்சாங்க."

அவன் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒவ்வொரு சாணாக விரலால் தடவிப் பார்த்தான். லோகுவைக் கிட்டே இழுத்து, சாக்கைச் சுற்றி, முடிச்சுப் போட்டான்.

"மாமா, நான் வெய்ட்டா கீறனா?"

"நீ எங்கடா வெய்ட்டு? சாக்குதான் வெய்ட்டு."

பின்பக்கத்துச் சரிவு வழியாக அவன் மேலே போய், குதிகாலைக் கல்லில் ஊன்றி உட்கார்ந்து, கயிற்றை முதுகைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.

அப்பன் ஏற வேண்டிய இடத்தில் பச்சையம்மா ஏறினாள். லோகுவின் வலது பக்கம், அவன் காலுக்கு ஒரு முழம் கீழே. உயரம் மூன்று ஆள்தான். "தட்டிப் பாரு. சத்தம் கெட்டியா கீதா? இப்போ புடி." பிள்ளை சொன்னபடி செய்தான். பாதிக்குமேல் போனதும் தைரியம் வந்துவிட்டது; தட்டாமல் ஒரு கல்லைப் பிடித்தான். அது பெயர்ந்து அவள் தோளை இடித்துக்கொண்டு போனது. அவன் கால் இரண்டும் பாறையை விட்டுவிட்டன.

தொண்டை வரை வந்துவிட்டது அந்தச் சொல். உதட்டைக் கடித்தாள், ரத்தம் உப்புக் கரித்தது. கூப்பிடவில்லை.

கயிறு விறைத்து நின்றது. பிள்ளை ஒரு சாண்கூட இறங்கவில்லை. சாக்கில் தொங்கிக்கொண்டு அழத் தொடங்கினான். மேலேயிருந்து அவசரமில்லாத குரல் வந்தது. "அழுவாத. மூணு ஒட்டு. காலத் தேடு."

தேடினான். ஒட்டினான். ஏறினான்.

அவன் பின்னாலேயே பச்சையம்மாவின் தலை விளிம்புக்கு மேலே வந்தபோது, அண்ணனுக்குப் பின்னால் கங்கையம்மாள் நின்றிருந்தாள். சரிவில் ஏறிவந்திருக்கிறாள், மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கையில் செம்பு. வந்ததை அவனுக்குச் சொல்லவில்லை, தொடவில்லை, செருமக்கூட இல்லை. பிள்ளை நடுப்பாறைக்கு நகர்ந்து, ஏகநாதன் கயிற்றை விட்ட பிறகுதான் செம்பை அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் உள்ளங்கை இரண்டிலும் பழைய தழும்பின்மேல் புதுச் சிவப்பு. அதைப் பார்த்தாள். பிறகு பச்சையம்மாவைத் தாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப்போனாள்.

நாத்தனார் அவளைக் குடிசையை விட்டுத் துரத்தவில்லை. ஆனால் தொண்ணூற்று மூன்றில் குவாரியில் தண்ணீர் ஊறி மூடும்வரைக்கும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சையம்மா அதைப் பற்றி யாரிடமும் முறையிடவுமில்லை. அடுத்த அமாவாசைக்குத் தாயாருவையும் கூட்டிப்போனாள். அதற்குள் மேஸ்திரி ஏகநாதனைத் திரும்பக் கயிற்றுக்குக் கூப்பிட்டிருந்தார்.