இருபதுக்குக் கீழே

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது மெல்பேணில் என் மனைவிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கிறேன். அதில் எத்தனை கிருமிகள் என்று எண்ணிச் சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் இருபத்துமூன்று தடவை 'இருபதுக்குக் கீழே' என்றே வந்தது. கிருமி அப்படி அடங்கிக் கிடக்கும்வரை மனைவிக்குத் தொற்றாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இருபத்துநாலாவது தடவை எழுபத்தொன்று என்றார் மருத்துவர். மாத்திரை ஏதும் தவறியதா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை, தினமும் போத்தலைக் கவிழ்த்து எண்ணுபவன் நான். சாப்பாட்டோடு போட்டீர்களா என்றார். தலையாட்டினேன்.

பக்கத்தில் இருந்த மனைவி விடவில்லை. "பொய் சொல்லாதேங்கோ. கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணியோடதானே விழுங்கினனீங்கள்?"

உண்மைதான். மாத்திரை விரதத்தை முறிக்காது என்று மட்டுமே யோசித்தேன். விரதம் மாத்திரையை முறிக்கும் என்று யோசிக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டால்தான் அந்த மாத்திரை உடம்பில் சேருமாம். இந்த வருடம்தான், ஏழாம் நாள் காலை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு நேரே இரத்தம் கொடுத்திருந்தேன்.

"என்னத்துக்கு அந்த விரதம் எண்டும் சொல்லுங்கோவன்."

"இந்தக் கிருமி வருத்தம் கூடக்கூடாதெண்டு."

மனைவி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இருநூறுக்குள் இருந்தால் தொற்றாது, நாலு கிழமையில் திரும்பப் பார்ப்போம் என்றார்.

எனக்கு மனம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும், பட்டப்பகலிலேயே, தனியே படுக்கவென்று தலையணையை வரவேற்பறைச் செற்றிக்குக் கொண்டுபோனேன்.

"எங்கையப்பா போறியள்?"

"எழுபத்தொண்டு."

"அது உங்கட வயசும்தான். அதுக்கு இவ்வளவு நாளும் பயப்பிடேல்லையே. இருநூறு மட்டும் பயமில்லையெண்டு டொக்டர் சொன்னவ. கொண்டுபோய் உள்ளுக்க வையுங்கோ."

வைத்தேன். இருபத்தெட்டு நாளும் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து என்னைச் சாப்பிட வைத்தாள். ஒரு நாள் பதினாறு இடியப்பம்.

பிறகு மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். இருபதுக்குக் கீழே. நான் எழுந்து நின்றே கேட்டேன். வெறும் வயிற்றில் போடக்கூடிய மாத்திரையும் உண்டாம். விரதக்காரன் என்று முன்பே சொல்லியிருந்தால் அதையே தந்திருப்பாராம். மாற்றிக்கொண்டோம்.

"அப்ப வாற சஷ்டிக்கும் விரதம் பிடிக்கலாம்," என்றேன்.

"பிடியுங்கோ. ஆனா இந்தமுறை எனக்காகக் கும்பிடுங்கோ. உங்களோட இருக்கிறதுக்குப் பொறுமை வேணும்."