கோதுமைக் கோபுரத்தின் எதிரொலி

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கனடாவில் சாஸ்கட்டூனுக்கு வெளியே, உரத்துக்கான பொட்டாஷ் உப்பு வெட்டும் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன். பூமிக்கு ஒரு கிலோமீட்டர் கீழே, விளக்கு அணைந்த இருட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றிருக்கிறேன். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. முட்டி போனபின் வீட்டுக் கீழறையில் கிதார் பெடல்களைப் பழுது பார்க்கிறேன். அங்கே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை டார்லா வந்தாள். மதுக்கடைகளில் கிதார் வாசிக்கிறவள். ரிவெர்ப் பெடலை என் மேஜைமேல் போட்டாள். வாசிக்கும் ஒலிக்கு எதிரொலி கூட்டுகிற, காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. அவளுடையதில் நிஜமான இடங்களின் எதிரொலியையே ஏற்றலாம். அந்த இடத்துக்குப் போய் ஒரு பலூனை உடைத்து, சத்தம் அடங்கும்வரை பதிவு செய்தால் போதும். டார்லா தன் ஊருக்கு வெளியே பாழடைந்து நிற்கும் கோதுமைக் கோபுரத்துக்குள் போய் உடைத்தாள். ஒரு காலத்தில் கோதுமை கொட்டி வைத்த, ஜன்னலில்லாத கான்கிரீட் குழாய் அது. அந்த எதிரொலியால்தான் அவளுக்குப் பெயரே கிடைத்தது. சனிக்கிழமை அவளுடைய முதல் ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு.

"நேத்துலேருந்து உள்ள யாரோ தட்டுறாப்ல கேக்குது, வெண்டல். கடையில காட்டுனேன். பெடல் நல்லாருக்காம், என் காதுதான் சரியில்லையாம்."

"நீ என்ன, பெடல மிதிக்கிறியா, கரப்பாம்பூச்சிய மிதிக்கிறியா?"

"வாயாலயே ரிப்பேர் பண்ணாத. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

பெடல்களின் கோளாறெல்லாம் எனக்கு அத்துப்படி. தேய்ந்த சுவிட்ச் மிதிக்கும்போது படாரென்னும். மலிவான அடாப்டர் ரீங்கரிக்கும். கைப்பேசி பக்கத்தில் இருந்தால் கரகரக்கும். அணைத்த பிறகும் சிலது வால்போல எதிரொலியை இழுத்துக்கொண்டிருக்கும். எதற்கும் ஒரு காரணம் உண்டு.

இதற்கு இல்லை.

கோபுரத்தின் எதிரொலியை வைத்தால் மட்டும் தட்டியது. டொக்… டொக்… மற்றவை சுத்தம். அடாப்டரை மாற்றினேன். ஈயப் பற்றுகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கி மறுபடி பற்றவைத்தேன். பதிவில்தான் கோளாறோ என்று கணினியில் போட்டுக் கேட்டேன். பலூன் வெடித்தது, ஒலி உருண்டு அடங்கியது. தட்டல் கிடையாது. பெடலிலிருந்து அதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன்.

டொக்… டொக்…

செவ்வாய் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். என் மனைவி பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. சுத்தியலால் ஒரே போடாகப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

புதன் சாயங்காலம் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு, கேபிளின் நுனியை விரலால் தட்டினேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். ஒலி எங்கே நிற்கிறது என்று தெரியும். மூன்று தட்டு. எதிரொலி உருண்டது… அடங்கியது.

பிறகு மூன்று தட்டு வந்தது.

நான் தட்டவில்லை.

பழைய ஒலி ஏதோ உள்ளே தங்கிவிட்டது என்று திட்டிக்கொண்டே மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினேன். இந்தத் தடவை ஐந்து தட்டினேன்.

அமைதி…

ஐந்து வந்தது.

கேபிளையே உருவி எறிந்தேன்.

அப்போதும் தட்டியது. வேகமாக. ஓயாமல். இரும்பால் கான்கிரீட்டை அடிப்பதுபோல…

"நிறுத்தித் தொலை, சனியனே."

ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தேன்.

முழுதாக.

வியாழக்கிழமை தட்டல் மெலிந்திருந்தது. நிறைய இடைவெளி விட்டு, ஒன்று… ஒன்று. வெள்ளி காலை வேறு வழி தெரியாமல் சுவிட்சை மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன். சுத்தம். நாள் முழுக்க ஓடவிட்டேன், சுத்தம். சுவிட்ச்தான், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒலிப்பதிவு முடிந்ததும் டார்லா சந்தோஷமாகக் கூப்பிட்டாள்.

"கரப்பாம்பூச்சி செத்துப்போச்சு, வெண்டல்."

அக்டோபரில் அந்தக் கோபுரத்தை இடித்தார்கள். டார்லா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை கிண்டல் எதுவும் இல்லை. அடியிலிருந்த குழியில் லோர்ன் கிடந்தானாம். அவளோடு பள்ளியில் படித்தவன். செம்புக் கம்பி உருவிக்கொண்டு போக, டார்லா என்னிடம் பெடலைக் கொண்டுவந்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தனியாக இறங்கியிருக்கிறான். மேலிருந்த இரும்புக் கதவு விழுந்து மாட்டிக்கொண்டது. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு மறுபடி ஓடிவிட்டான் என்று நினைத்து யாரும் தேடவில்லை. கையில் ஸ்பானர் இருந்ததாம். சுவரெல்லாம் கொத்துக் கொத்தாக அடித்த தடம்.

அங்கிருந்து என் மேஜை இருநூறு கிலோமீட்டர்.

குழிக்குள் சிக்னல் இல்லை. ஆனாலும் அவன் கைப்பேசியில் மனைவிக்கென்று பேசிப் பதிந்து வைத்திருந்தான். அவள் அதை டார்லாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். கடைசியாகப் பேசியது அந்தப் புதன் சாயங்காலம். டார்லா அதை வார்த்தை மாறாமல் எனக்குச் சொன்னாள்.

"ஷெரி… யாரோ தட்டுறாங்க. மொதல்ல மூணு. நானும் மூணு தட்டுனேன். அப்புறம் அஞ்சு தட்டுனாங்க… கேட்டுட்டாங்க, ஷெரி. வந்துருவாங்க."