இஸ்திரி வண்டிக்கு வாடகை

அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில் ஓரம், வேப்பமர நிழலில் என் இஸ்திரி வண்டி நின்றது. அந்த இடம் எனக்குச் சொந்தமில்லை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் போகட்டும் என்று விட்டிருந்தார், அவ்வளவுதான். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. காலரில் சின்ன மடிப்பு விழுந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்புவார்.

தொண்ணூறுகளின் நடுவில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஒரு காலை நான் போய்ச் சேர்ந்தபோது என் வண்டியைச் சுற்றிக் கொடி கட்டியிருந்தது. கூரைமேல் வேட்பாளர் படம். பக்கத்தில் நாற்காலி போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா நைனா, எலக்‌ஷன் முடியறவரைக்கும்தான். நீ பாட்டுக்குத் தேய்ச்சிக்கினு இரு" என்றான் ஒருவன்.

நான் பெட்டியில் கரியைப் போட்டேன். தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. தேர்தல் முடியும்வரை அவர்கள் குடித்த டீயில் ஒரு கிளாஸ்கூட என் பக்கம் நீட்டியதில்லை.

அவர்கள் ஆள் ஜெயித்தார். கொடியை நான்தான் அவிழ்த்தேன். அதற்குள், கட்சியிடம் பணம் வாங்கிக்கொண்டு மதில் ஓரத்தை நான் வாடகைக்கு விட்டுவிட்டதாக மாடியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் கீழே இறங்கி வந்தார்.

"எவ்வளவு வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கல சார்."

"சும்மாவா குடுப்பே? கட்சிக்காரனையெல்லாம் இங்க வெச்சுண்டிருக்க முடியாதுப்பா. அடுத்த மீட்டிங்ல இதைத்தான் பேசப்போறா." பிறகு சிரித்துக்கொண்டே, "எலக்‌ஷன்ல நிக்கறவா எல்லாரும் செலவுக் கணக்கு குடுத்தாகணும், தெரியுமோ? ஒரு ரூபா கட்டினா யார் வேணா பார்க்கலாம். போய்ப் பாரேன்" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் என் பெயர் இல்லையென்றால் இடம் தப்பிக்கும் என்று நம்பினேன்.

தேர்தல் அலுவலகத்தில் குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல சார். இஸ்திரி."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "எம்.எல்.ஏ. கணக்குக்கு இஸ்திரி போட வந்துக்கிறியா? அது ஏற்கெனவே மடிப்புக் கலையாமத்தான்பா வந்துது."

மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் போனால் அதிகாரி இல்லை என்றார்கள். வண்டியில் துணி மூட்டை ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரு நாள், என்னைப் பார்த்துச் சலித்தோ என்னவோ, கணக்குக் காகிதக் கட்டை எடுத்துப் போட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ரசீதுகளுக்கு நடுவில் என் பெயர் இருந்தது. அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. பிரசார இடத்துக்கு வண்டி வாடகை என்று எழுதி, என் ஒரு மாத வருமானத்தைவிடப் பெரிய தொகை போட்டிருந்தார்கள். கீழே ஒரு கட்டைவிரல் ரேகை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கையெழுத்துப் போடுகிறவன், எங்கேயும் ரேகை வைத்ததில்லை. அது பொய் என்பதற்கு அதிலேயே சாட்சி இருக்கிறதே. கணக்கின் முதல் பக்கத்துக்கும் அந்த ரசீதுக்கும் கட்டணம் கட்டி, முத்திரை வைத்த நகல் வாங்கிக்கொண்டு நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

முதல் பக்கத்தைப் படித்ததுமே அவர் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. மொத்தமே ரெண்டு ஜீப்பாம். தெரு கொள்ளாம போச்சே, அதெல்லாம் மாட்டு வண்டி போலிருக்கு. பட்டாசே வாங்கலையாம். எல்லாம் பொய்." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ரசீதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "இதோ இருக்கே."

"அது என் ரேகை இல்ல சார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

"உனக்கா? போடு பார்க்கலாம்."

பேனாவைக் கொடுத்தார். அந்தக் கூடத்தில், அவர்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, எழுத்துக் கூட்டி எழுதினேன். என் பெயரே எனக்குக் கோணலாக வந்தது.

"பணம் வாங்கறச்சே ரேகை, இப்போ கையெழுத்தோ?" என்றார் மாமி.

"சார், இப்பதான எல்லாம் பொய்னு சொன்னீங்க?"

"அது அவன் செலவுப்பா. இது உன் வரவு. கவர்ன்மென்ட் முத்திரை இருக்கு பாரு." நகலை மடித்துச் சங்கத்துக் கோப்பில் வைத்தார். "மீட்டிங்ல காட்டணும். நீ இந்த மாசத்தோட வண்டியை எடுத்துடு."

சில வருஷம் கழித்து இப்போது பத்திரிகைகளில், வேட்பாளர்களின் சொத்துக் கணக்கையும் மக்கள் பார்க்க வழி வேண்டும் என்று எழுதுகிறார்கள். வரட்டும். அந்த ஆளின் கணக்கை எங்கள் தெருவில் காசு கட்டிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதில் எங்கள் தெரு நம்பியது என் பெயர் இருந்த ஒரு வரியை மட்டும்தான்.

அந்த மாசக் கடைசியில் வண்டியைத் தேனாம்பேட்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே நிழல் கிடையாது. கரிப்பெட்டியும் வெயிலுமாக முதல் நாள் முடிந்தபோது என் மனைவி கேட்டாள்:

"காசு கட்டி வாங்கினியே, அந்தக் காய்தம் எங்கய்யா?"

"அவர்கிட்ட."

"அதையும் அவராண்ட குட்த்துட்டியா?" என்றாள். நாளைக்குத் தேய்க்கத் துணி எதுவும் இல்லாததால் பெட்டியிலிருந்த கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்தேன்.