ராஜமேரி அவிழ்த்த தலைத்துண்டு

ராஜமேரி இருபத்திரண்டு வருஷம் மரவள்ளிக் கிழங்கு உரித்தவள். அவள் உரித்த தோலைப் பரப்பினால் தர்மபுரியிலிருந்து அரூர் வரைக்கும் ரோடு போடலாம். நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டாலும் மொரப்பூராவது வரும்.

தென்பெண்ணைக் கரையில் அவள் வேலை பார்த்த ஜவ்வரிசி ஆலை மூடி ஒன்பது வருஷம். பெங்களூர்ப் பெண் சுசித்ரா அதை வாங்கி, வெள்ளையடித்து, கலைக்கூடம் ஆக்கிவிட்டாள். கிழங்கு அரைத்த இடத்தில் ஓவியங்கள், ஜவ்வரிசி வறுத்த இடத்தில் காபிக்கடை. மே மாதத் திறப்பு விழாவில் தன் மகன் டேவிட்ராஜ் பதினொரு பேரோடு ஆடுகிறான் என்று ராஜமேரி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மீன்களெல்லாம் பஸ் பிடித்து ஒகேனக்கல் போய்விட்டிருந்தன.

வாசலில் காவலுக்குத் தீர்த்தகிரி. அந்தக் காலத்தில் அதே ஆலையில் மோட்டார் ஓட்டியவர்.

"என்ன ராஜமேரி, டிக்கெட் எங்க?"

"உரிச்ச கை இருக்குதுங்ணா. அதான் டிக்கெட்டு."

உள்ளே ஆற்றோரம் போட்டிருந்த மேடை அடுப்பாகக் கொதித்தது. ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் வேப்பமர நிழலுக்கு, நடுமுற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது ஆட்டம் தொடங்கியிருந்தது. நடுவில் வைத்த ஸ்பீக்கர் பெட்டி அதிர, பன்னிரண்டு பேரும் ஒரே தாளத்தில் தரையை மிதித்தார்கள்.

ராஜமேரி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"டீச்சரம்மா, அது தரை இல்லீங்க. கழிவுத் தண்ணித் தொட்டி. பன்னெண்டடி ஆழம்."

"சிமெண்டு தெரியுதேடி?"

"ஆலை மூடுனப்ப நானும் கொத்தனாரும் பலகை போட்டு, சாக்கு விரிச்சு, மேல பூசுனோம். பார்வைக்குத் தரையாட்டம் இருக்கட்டும்னு மொதலாளி சொன்னாரு. சாமானெல்லாம் ஏத்தி முடிக்கிற வரைக்கும் நடுவுல யாரும் நடக்கல, சொவரோரமாத்தான் போனோம். எங்களுக்குத் தெரிஞ்சதுதானேன்னு யார்கிட்டயும் சொல்லல."

தீர்த்தகிரிக்கும் தெரியாது. ஆலை மூடுவதற்கு முன்பே வேலையை விட்டவர், தொட்டியை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்.

"டேவிட்டு!" என்று ராஜமேரி கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் உயரமாகக் குதித்தான். அம்மா உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைப்பு. ஓடிப் போய் இழுக்கலாம் என்றால், இன்னொரு ஆள் பாரத்தைப் பலகை தாங்குமா? சிமெண்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியது. அடுத்த மிதியில் அதிலிருந்து புழுதி எழுந்தது.

ராஜமேரி தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் உயரத் தூக்கினாள்.

அரவை இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. கை சிக்கினாலும் அரவையில் கல் விழுந்தாலும் துண்டைத் தூக்குவதுதான் ஆலையில் வழக்கம். துண்டு உயர்ந்தால் மோட்டார் நிற்க வேண்டும்.

கூட்டத்துக்கு அது எப்படித் தெரியும்? அவர்களும் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் தூக்கி ஆட்டினார்கள். சுசித்ரா செல்போனில் படம் பிடித்தாள். அத்தனை துணிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஆடாமல் விறைப்பாக நின்றது. வாசலிலிருந்து தீர்த்தகிரி அதைப் பார்த்தார். ஏன் என்று யோசிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

பாட்டு அறுந்தது.

"யாரும் குதிக்காதீங்க," என்றாள் ராஜமேரி. "ஒவ்வொருத்தரா, காலைத் தேச்சிக்கிட்டு சொவரோரம் வாங்க."

"என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாங்க..."

"வாய மூடிக்கிட்டு வாடா."

பதினொரு பேரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக டேவிட்ராஜ் நகர்ந்தான். அவன் குதிகால் சுவரோரத்தைத் தொட்டதும் ஸ்பீக்கர் பெட்டி மெல்லச் சாய்ந்தது. பிறகு அது அங்கே இல்லை. கீழே சத்தம் கேட்கும்வரை ஐந்து எண்ணினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டுதான் இருக்கும்.

டேவிட்ராஜ் அந்தப் பொத்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு அறை அறைந்துவிட்டு, ராஜமேரி சுசித்ராவிடம் போனாள்.

"மூடுனது நான்தாம்மா. மொதல்லயே வந்து சொல்லியிருக்கணும்."

சுசித்ரா செல்போனைக் கீழே இறக்கினாள். "வேற எங்க எல்லாம் இப்படி இருக்குதுங்க?" என்றாள்.

"சுண்ணாம்பு கொண்டாங்க."

சாயங்காலம்வரை ஆலை முழுக்க நடந்து, எங்கே கால் வைக்கலாம் என்று கோடு போட்டாள். தொட்டியை நிரப்பும் வேலை இன்னும் முடியவில்லை. அதுவரை வாரம் இரண்டு நாள் போய் அழிந்த கோட்டைப் புதுப்பிக்கிறாள். அதுவும் ஒரு கலை என்று நினைத்து வருகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். யாராவது கோட்டைத் தாண்டினால்தான் அவள் துண்டு தலையைவிட்டு அவிழ்ந்து உயர்கிறது.