கண்ணாயிரம் டாக்டர் தேடிய வாரம்

பிள்ளையார்பாளையத்துக் கண்ணாயிரத்துக்கு ஐம்பத்தேழு வயது. காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் முப்பது வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவர். படியேறி வருகிறவர்களின் நடையைப் பார்த்தே, கல்யாணத்துக்கு வாங்க வந்தவர்களா, கோயிலுக்கு வந்த இடத்தில் சும்மா நுழைந்தவர்களா என்று சொல்லிவிடுவார்.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஒரு நாள் புடவைக் கட்டோடு மாடி ஏறியபோது, நெஞ்சின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. உட்கார்ந்ததும் விட்டது. மறுநாள் ஏறியபோது மறுபடி வந்தது. தெருமுனை டாக்டர் லோகேஸ்வரன் ஈசிஜி எடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இந்த வாரத்துக்குள்ள இருதய டாக்டர் ஒருத்தரைப் பாத்துடுங்க. சும்மா இருக்கும்போதே வலி வந்தா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

"யாரைப் பாக்கறது சார்?"

"நாலு பேரை விசாரிங்க" என்றார் லோகேஸ்வரன். கண்ணாயிரத்திடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் வாடிக்கையாளர்களை விசாரிக்க ஆரம்பித்தார். "பார்டரைப் பாருங்கம்மா, எப்படி மின்னுது. ஆமா, வேலூர்ல நல்ல இருதய டாக்டர் யாருன்றாங்க?" என்று ஒரே மூச்சில் கேட்டார். மனைவிமார் புடவை பார்க்கும்போது சுவரில் சாய்ந்து தூங்கி வழியும் கணவன்மார் அத்தனை பேரும் அந்தக் கேள்வியில் விழித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் ஸ்டென்ட் கதையைச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் தன்னுடையது இரண்டு என்றார். ஆரணிக்காரர் ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஆபரேஷன் தழும்பையே காட்டிவிட்டார். முதலாளி ராமராஜன் தூரத்திலிருந்து பார்த்தார். கண்ணாயிரத்திடம் வருகிற ஆண்கள் எல்லாம் ஏன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு பேசுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

நான்கே நாளில், புடவைப் பெட்டி மூடி ஒன்றில் பதினோரு டாக்டர்களின் பெயர் ஏறிவிட்டது. பெருமையோடு அதை மனைவி மஹாலட்சுமியிடம் நீட்டினார். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசியைக் கையில் அள்ளும்போதே கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இவர் பெங்களூர்ல இருக்கார். அவசரம்னா எப்படிப் போறது? இவர் குழந்தைங்களுக்குப் பாக்கறவர். இவரைப் பத்தி உங்களுக்குச் சொன்னவர் இன்னா சொன்னார்?"

"ஏசி நல்லா இருந்துச்சாம்."

அந்தப் பெயரும் போயிற்று. மிஞ்சிய மூன்று இடங்களுக்கு அவளே போன் போட்டாள். எக்கோ அங்கேயே எடுப்பார்களா, காப்பீட்டு அட்டை செல்லுமா, அடுத்த முறையும் அதே டாக்டர்தான் பார்ப்பாரா, ஞாயிற்றுக்கிழமை வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாள். நாலு கேள்விக்கும் நேராகப் பதில் வந்தது ஒரே இடத்திலிருந்துதான். பெரிய காஞ்சிபுரத்தில் டாக்டர் பிரியதர்ஷினி.

"உள்ளூரா?" என்று கண்ணாயிரம் முகம் சுளித்தார்.

"ஊர் உலகமே புடவைக்கு இங்க வந்துக்கினு இருக்குது. நீங்க இருதயத்துக்கு வெளியூர் போவணுமா?"

போவதற்கு முந்தின நாள் மாலை, பழைய பரிசோதனைச் சீட்டு, ஈசிஜி, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் அவள் ஒரு பையில் போட்டாள். வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அப்பா எந்த வயதில் நெஞ்சுவலியில் போனார், பழக்கவழக்கம் என்ன என்று தாளில் அவரையே எழுதச் சொன்னாள். கண்ணாயிரம் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். சிகரெட்: விட்டாச்சு. நடை: தினமும் மூன்று கிலோமீட்டர். வடை, பஜ்ஜி: தொடுவதில்லை.

மஹாலட்சுமி படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவருக்கு உறுத்தியது.

மறுநாள் டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"நீங்க காந்தி ரோடு கடையில இருக்கறவர்தானே? என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு கத்திரிப்பூ கலர் புடவை குடுத்தீங்க. உலகத்துலயே இது ஒண்ணுதான், நெய்ஞ்சு முடிச்சதும் தறியையே பிரிச்சுட்டாங்கன்னு சொன்னீங்க. மண்டபத்துல என் நாத்தனார் அதையே கட்டிக்கிட்டு எதிர்ல வந்தாங்க. பந்தியில மாப்பிள்ளையோட அத்தை."

கண்ணாயிரம் மேஜை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தார். "தறியைப் பிரிச்சது நிஜம் மேடம். மூணாவது புடவைக்கு அப்புறம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளில் விரலை வைத்தார். "சிகரெட் விட்டாச்சுன்னு எழுதியிருக்கீங்க. எப்போ?"

"காலையில."

மஹாலட்சுமி இடுப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள். சிகரெட்: நாலு, முகூர்த்த நாளில் ஏழு. நடை: வீட்டிலிருந்து ஆட்டோ வரைக்கும். வடை: கடைக்குப் பின்சந்தில், தினமும் நாலு மணிக்கு. டாக்டர் சிரித்துக்கொண்டேதான் படித்தார். கடைசி வரியில் சிரிப்பு நின்றது. நேற்று சாயந்திரம் சட்டையைக் கழற்றினவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், வேர்த்தது, கேட்டால் வாயு என்றார்.

"படி ஏறாமலே வந்துச்சா?"

"ரெண்டு தடவை மேடம்" என்றார் கண்ணாயிரம். அந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கடைக்காரர் குரலாக இல்லை.

"இது தெரியலைன்னா மாத்திரையை மாத்திக் குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்ற டாக்டர், அன்றே அவரை அங்கேயே வார்டில் சேர்த்தார். மறுநாள் ஆஞ்சியோவில் ஒரு குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது தெரிந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டே கண்ணாயிரம் கேட்டார். "நான் புளுகிக்கினு எழுதறது உனக்குத் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை திட்டலை?"

"எழுதும்போது அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க" என்றாள் மஹாலட்சுமி. "தினமும் மூணு கிலோமீட்டர் நடக்கற மனுஷனை ஒரு நாளாவது வீட்ல வெச்சுப் பாக்கலாம்னு இருந்துச்சு."