பதினொண்ணரை காட்டின மணிக்கூண்டு

நீ சிரிப்ப, சிரி. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா நானும் சிரிச்சவன்தான். விடியக்காலைல டார்ச் அடிச்சுக்கிட்டு உப்பளத்துக்குத் தனியா போறவனுக்கு என்ன பயம்? ஆனா இது பட்டப்பகல்ல நடந்துச்சு, அதுவும் அத்தனை ஜனம் போற வர்ற மெட்ராஸ் ஸ்டேஷன்ல.

ரெண்டாயிரத்தஞ்சுல அரக்கோணத்துல என் தங்கச்சியோட சின்னப் பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுதான் குத்தணும். பெரியவளுக்கு நான் லேட்டாப் போயி, வேற யாரோ மடியில வெச்சுக் குத்திட்டாங்க, தங்கச்சி ரெண்டு வருஷம் எங்கிட்ட பேசல. இந்த வாட்டியும் கோட்டை விட்டா உறவே அறுந்துடும்னு எனக்கு ஒரே உதறல்.

எங்கிட்ட வாச்சு கிடையாது. அளத்துல வேலை செய்யறவன் வாச்சு கட்டினா உப்புத்தண்ணி ஒரே மாசத்துல தின்னுடும். நிழலைப் பார்த்தே நாங்க மணி சொல்லிடுவோம். அன்னிக்குன்னு பார்த்து மேகமூட்டம், நிழலே இல்ல.

பதினொண்ணே முக்காலுக்கு எங்க வண்டி. மரக்காணத்துல பஸ் ஏறி மெட்ராஸ் போயி இறங்கினா, ஸ்டேஷன் வாசல்ல வெள்ளைக்காரன் காலத்து மணிக்கூண்டு. அதைப் பார்க்கணும்னு என் சம்சாரத்துக்கு ரொம்ப நாள் ஆசை. மச்சான்கிட்ட இரவல் வாங்கின கேமராவை அங்க கடை போட்டிருந்த டீக்காரர்கிட்ட கொடுத்து, மணிக்கூண்டுக்குக் கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோம். எடுத்ததும் இவ அண்ணாந்து பார்த்தா. "ஏங்க, பதினொண்ணரை ஆயிடுச்சுங்க"ன்னா. நானும் பார்த்தேன், பெரிய முள்ளு ஆறுல நிக்குது. ரெண்டு பேரும் பார்த்தோம், அதை மனசுல வெச்சுக்கோ.

அவ்ளோதான், சீர் தட்டைத் தலையில வெச்சுக்கிட்டு ஓடினேன் பாரு, எனக்கே இப்ப நினைச்சா சிரிப்பா வருது. அரக்கோணம் வண்டியான்னு கத்திக் கேட்டு, நகர்ற வண்டியில ஏறிட்டோம். உள்ள இருந்தவர் வாச்சைக் காட்டினார். மணி பத்தரை. நாங்க ஏறினது முந்தின வண்டி. அவ கண்ணை நானும் என் கண்ணை அவளும் திட்டிக்கிட்டே போனோம்.

அங்க போனா, காது குத்தற ஆசாரிக்கு வேற ஊர்ல அவசர வேலையாம், சீக்கிரமே குத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். ஊருக்குப் போன் போட்டிருக்காங்க, நாங்க அதுக்குள்ள கிளம்பிட்டோம். ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தர் சம்மணம் போட்டு ரெடியா உக்காந்திருந்தார். தங்கச்சி என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா அண்ணா"ன்னு ஒரே அழுகை. குழந்தை என் மடியில உக்காந்து என் மீசையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே காது குத்திக்கிச்சு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம்.

சாயங்காலம் திரும்பி வந்து, தப்பு மணி காட்டினதுக்கு ஒரு கும்பிடு போடலாம்னு அண்ணாந்து பார்த்தேன். முள்ளே இல்ல. வெறும் வட்டம். அதே டீக்காரர்தான் சொன்னார், "ரிப்பேருக்குக் கழட்டி ஒரு வாரம் ஆவுதுப்பா."

போட்டோ கழுவி வந்துச்சு. அதுலயும் முள்ளு இல்ல. கூடத்துல மாட்டி வெச்சிருக்கோம், நீயே வந்து பாரு. மணி விஷயத்தை நாங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் மூச்சு விடல, நம்பினா நம்பு.

அந்தக் குழந்தை ஒண்ணாங்கிளாஸ் போனப்புறம் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தா. அப்பதான் மணி பார்க்கக் கத்துக்கிட்டிருந்தா, கண்ணுல படற கடிகாரத்தை எல்லாம் படிச்சுக்கிட்டே திரிஞ்சா. அந்தப் போட்டோ முன்னாடி நின்னு விரலை நீட்டி எண்ணிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா:

"மாமா, பதினொண்ணரை."